பார்க்கா, தெருவோர மரமா, மாடித் தோட்டமா? சேலத்து லேஅவுட்டுக்கு எது பொருந்தும்

புது லேஅவுட்டில் பசுமைக்கு என்ன வழி என்று கேட்டால், வரைபடத்தின் மூலையில் பார்க் இடத்தைக் காட்டுவார்கள். 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. சின்ன லேஅவுட்டுகளில் பார்க் காணாமல் போவது இந்த வழியில்தான்.

இருந்தாலும் பார்க்குக்கு ஒரு பலம் உண்டு. தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த இடத்தை யாரும் வீட்டோடு சேர்த்துக்கொள்ள முடியாது. ஆனால் சுற்றுச்சுவர் கட்டி உள்ளே மண் கொட்டி மேடாக்கிவிட்டால், தெருவில் ஓடும் மழைநீரில் ஒரு சொட்டுகூட அதற்குள் போகாது.

மாடித் தோட்டம் வீட்டுக்காரர் ஆசைக்குச் சரி. அரையடி ஈரமண் சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். சாதாரண மொட்டை மாடிக்குக் கணக்கில் எடுக்கும் கூடுதல் பாரமே 150 கிலோதான். தொட்டிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என் ஓட்டு தெருவோர மரத்துக்கு, அதாவது ரோட்டோரம் மரம் வைக்க நீளமாக விடும் மண்பட்டைக்கு. சேலத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். சேர்வராயன் மலைப்பக்கமிருந்து சரிவில் இறங்கும் மழை நின்று ஊறாமல் சாக்கடையில் சேர்ந்து திருமணிமுத்தாற்றுக்குப் போய்விடுகிறது. ஒரே இடத்தில் ஆழக் குழி எடுப்பதைவிட, ரோட்டை விடத் தாழ்வாக, தெரு நீளத்துக்கும் மண்ணை விட்டுவைத்தால் ஓடுகிற தண்ணீரை அங்கங்கே பிடிக்கலாம். புங்கன், பூவரசு நிழலும் வாசலுக்கே வரும்.

சிக்கலும் இங்கேதான் அதிகம். வீட்டுக்கு வீடு கார் ஏற ரேம்ப், அப்புறம் பேவர் பிளாக். புங்கனின் அடிமரம்வரை சிமெண்ட் பூசி, ஒரு சாண் மண்கூட விடாத வாசல்கள் எத்தனை! பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது வேர் போகும். மேலே மின்கம்பி உரசினால் கிளை போகும். மரம் வைத்தபின் இதற்கெல்லாம் தீர்வு தேடினால் நடக்காது. வரைபடத்திலேயே கம்பியும் குழாயும் ஒரு பக்கம், மரம் எதிர்ப்பக்கம் என்று பிரித்துவிட வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரு ரேம்ப் போதும்.

மனை பார்க்கப் போகிறவர்கள் பார்க் எங்கே என்பதோடு, ரோட்டோரம் எத்தனை அடி மண் விடுகிறார்கள், இபி லைன் எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.