எட்டு மணி நேரமா, பன்னிரண்டா? அம்புலன்ஸ் ரோஸ்டரைத் திருகோணமலை வீதியில் வைத்துப் பார்த்தால்

அம்புலன்ஸ் ஊழியர்களின் டியூட்டி நேரத்தை மாற்றப் போகிறோம் என்று நிர்வாகம் எங்கே சொன்னாலும், தொழிற்சங்கங்களோடு சண்டை பெரும்பாலும் 8 மணி நேரமா, 12 மணி நேரமா, 24 மணி நேரமா என்பதில்தான் வந்து நிற்கும். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. பிரித்தானியச் சங்கங்கள் பேசும் காரணங்களை அப்படியே இங்கே இலங்கையில் இறக்கினால் பாதிதான் பொருந்தும். நம்முடைய தூரமும் வேறு, பஸ்ஸும் வேறு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு வண்டியை இரவு பகலாக ஓட்ட நாலு குழு இருந்தால் ஆளுக்கு 42 மணி நேரம் வரும். மூன்று குழு என்றால் 56. எட்டாக வெட்டினாலும் பன்னிரண்டாக வெட்டினாலும் இந்த எண் அசையாது. ஆகவே புதிய ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையை, காட்டினால் சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை குழு என்பதுதான். ஆள் இல்லாததை ரோஸ்டரால் மறைக்கப் பார்ப்பது பழைய வித்தை.

8 மணி நேர முறையில் உடம்பு தாங்கும். ஆனால் நாலு குழு இருந்தாலும் வாரத்துக்கு ஐந்தாறு தடவை வேலைக்கு வர வேண்டும். பிற்பகல் 2, இரவு 10, காலை 6 என்று ஆள் மாறினால், திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரவு 10 மணிக்கு டியூட்டி முடித்த, குடாவுக்கு அப்பால் இருக்கும் மூதூர்க்காரர் எப்படி வீடு போவார்? கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்து, அந்த வீதியின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்திருக்கும் அவதி போய்விட்டது, சரி. பாலம் இருந்தால் போதுமா, அந்த நேரத்தில் பஸ்ஸும் வர வேண்டுமே. சொந்த மோட்டார் சைக்கிள் இல்லாதவருக்கும், தனியாகப் போக வேண்டிய பெண் ஊழியருக்கும் இந்த முறையில் கிடைக்கும் ஓய்வு ஆஸ்பத்திரி வாங்கிலேயே கழியும்.

12 மணி நேரம் என்றால் வாரத்துக்கு மூன்று அல்லது நாலு தடவைதான். காலை 7, மாலை 7 என்று மாறினால் போக்குவரத்துத் தொல்லை குறையும். ஓஃப் நாட்கள் கூடுவதால் இளைஞர்களுக்கு இதுதான் பிடிக்கும். வயல் பார்க்கலாம், ஓட்டோ ஓட்டலாம். (அப்படி ஓட்டுகிறவர் ஓய்வெடுக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.) ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு நைட் 12 மணி நேரம் என்றால் இடுப்பு விட்டுப் போகும். ஒரே சங்கத்துக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி இருக்கும். நோன்பு மாதத்தில் 7 மணி மாற்றம் இன்னொரு சிக்கல்: நோன்பு திறக்கும் வேளை பகல் டியூட்டியின் கடைசிப் பகுதிக்குள் விழும். அந்த ஒரு மாதத்துக்கு மாற்ற நேரத்தை முன்னுக்குத் தள்ளினால் தீரும் விஷயம் அது.

24 மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழைப்புகளுக்கு நடுவே தூங்கலாம் என்பார்கள். தூங்க முடியாத நாளும் வரும். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 சதவீத மதுசாரம் இருப்பவருடையதற்குச் சமம் என்று 1997 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த நிலையில் ஒருவரைச் சாரதி ஆசனத்தில் உட்கார வைக்க எந்தச் சங்கமும் சம்மதிக்கக் கூடாது.

சரி, மீதி இரண்டில் எது? இங்கேதான் இரண்டு வேலைகளை ஒன்றாக்கிக் குழப்புகிறோம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் வந்த, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வண்டி, நோயாளியை விபத்து நடந்த இடத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறது. கூடவே பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். பயணம் அநேகமாகக் குறுகியது. ஆஸ்பத்திரியின் சொந்த வண்டி செய்வது ட்ரான்ஸ்பர், அதாவது நோயாளியை இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் 100 கிலோமீற்றருக்கு மேல், மட்டக்களப்பு அதைவிடத் தூரம். டியூட்டியின் பதினோராவது மணியில் ஒரு ட்ரான்ஸ்பர் வந்தால், போய் ஒப்படைத்துத் திரும்ப இன்னும் ஐந்து மணி நேரமாவது ஆகும். 12 அங்கே 16 ஆகிவிடும். திரும்பும்போது கூட வந்த தாதி பின்னால் தூங்கிவிடுவார். சாரதி மட்டும் விழித்திருக்க வேண்டும், கந்தளாய்ப் பக்கம் போனால் வீதியில் யானையும் நிற்கும். 8 மணி நேர முறையில் அதே ட்ரான்ஸ்பர் கடைசி மணியில் வந்தாலும் 12, 13 உடன் முடிந்துவிடும்.

அதனால் என் தெரிவு இது: 1990 போன்ற வண்டிக்கு, நாலு குழு இருந்தால், 12. ட்ரான்ஸ்பர் வண்டிக்கு 8; இரவு 10 மணிக்கு முடிப்பவருக்கு ஒன்றில் வாகனம், இல்லையென்றால் படுக்க இடம். அதற்குமேல், டியூட்டி முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது வெளி மாவட்டப் பயணத்துக்கு அடுத்த குழுவின் சாரதியை முன்கூட்டியே கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி. ஒரே அட்டவணையை இரண்டு வேலைக்கும் திணித்தால் எதிர்க்க வேண்டியதுதான்.

இனிக் காசு. கூட்டங்களில் களைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள், வெளியே வந்து ஓ.டி. என்ற மேலதிக நேரக் கொடுப்பனவைப் பற்றிப் பேசுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 8 மணி நேரத்துக்கு மேல் செய்ததெல்லாம் இதுவரை மேலதிக நேரமாக வந்திருந்தால், 12 ஐச் சாதாரண டியூட்டி என்று எழுதியவுடன் அந்தக் கொடுப்பனவு போய்விடும். வேலை நேரம் அதேதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டியபோது மேலதிக நேரத்தைக் கணக்கிடும் விகிதத்தைக் குறைத்ததற்குச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் அந்த மார்ச் மாதமே எதிர்ப்புக் காட்டின. ஆகவே ரோஸ்டர் யோசனையோடு சேர்த்து, பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரு மாதச் சம்பளச் சிட்டை எப்படி வரும் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தரும்படி கேட்க வேண்டும். தர மறுத்தால், மூன்று மாதம் பரீட்சார்த்தமாகப் பார்ப்போம் என்ற பேச்சுக்கும் கையெழுத்து வைக்க வேண்டாம்.