ஜான் அண்ட் டீன் ‘கோல்டன் ஹிட்ஸ்’ இரண்டாம் தொகுதி: ஓர் இசைத்தட்டு மதிப்புரை

அறுபதுகளின் ஆங்கிலப் பொப் இசையில் ‘சேர்ஃப்’ பாடல்கள், அதாவது கடலலைமேல் பலகையில் சறுக்கும் விளையாட்டைச் சுற்றி எழுந்த பாடல்கள், என்றதும் பெரும்பாலானோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பீச் போய்ஸ் குழுதான். அதே கலிபோர்னியாக் கரையில், அதே ஆண்டுகளில், இரண்டே பேராகப் பாடிய ஜான் பெரியையும் டீன் டொரன்ஸையும் அந்தக் குழுவின் நிழலில் ஒதுங்கியவர்கள் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 1965இல் லிபேர்ட்டி நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய ‘கோல்டன் ஹிட்ஸ்’ இரண்டாம் தொகுதியின் மொனோப் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் பதிந்த) பிரதியொன்றை, யாழ்ப்பாண நகரில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் 6,000 ரூபாவுக்கு வாங்கிச் சில வாரங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அந்த வழக்கமான தீர்ப்பு இந்தத் தட்டின் ஒரு பக்கத்தை முழுமையாகக் கேட்பவரிடம் நிற்காது என்பதே என் எண்ணம்.

இருவரும் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். ஜானின் பெற்றோருடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் ஒலிப்பதிவு நாடாக் கருவியை வைத்துப் பாடிப் பதிந்தே இந்தத் துறைக்குள் வந்தார்கள். 1958இல் வெளியான முதல் வெற்றிப் பாடலில் டீனின் பெயர் இல்லை. அவர் இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்ததால், ஆர்னி கின்ஸ்பேர்க் என்ற மற்றொரு நண்பரின் பெயரே ஜானின் பெயரோடு சேர்ந்து வந்தது. அடுத்த ஆண்டு டீன் திரும்பிவந்த பின் இருவரும் பாடிய ‘பேபி டோக்’ அமெரிக்காவின் வெற்றிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலின் முதற் பத்துக்குள் ஏறியது. இந்தத் தொகுதி அந்தக் காலத்தைத் தொடவில்லை. 1963 முதல் 1965 வரை, அவர்கள் லிபேர்ட்டிக்காகப் பாடிய காலத்துக்கு உரியது. கடல், கார், தெருச் சறுக்குப் பலகை என்று பாடுபொருள் மாறினாலும் பாடல்கள் எல்லாவற்றிலும் ஒரே கையின் வேலை தெரிகிறது. அந்தக் கை ஜான் பெரியுடையது. பாடியவரும் அவர், இசையை ஒழுங்கமைத்தவரும் அவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று நெறிப்படுத்தியவரும் அவர். இவ்வளவையும் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்துகொண்டே செய்தார் என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

தொகுதியின் உயிர்நாடி ‘சேர்ஃப் சிற்றி’ என்ற பாடல்தான். பீச் போய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பாதியில் விட்டிருந்த பாடலை ஜான் வாங்கி முடித்தார். 1963 யூலையில் அது பில்போர்ட் பட்டியலில் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. சேர்ஃப் பாடலொன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதன்முறை. பீச் போய்ஸ் அப்போது இன்னும் முதலிடத்தைக் கண்டிருக்கவில்லை. ஆகவே தன் மகன் நல்ல பாடலொன்றைப் பிறருக்குக் கொடுத்துவிட்டான் என்று பிரையனின் தந்தை சினங்கொண்டதில் வியப்பில்லை. பாடல் முன்னிசை எதுவுமின்றி நேரே குரல்களோடு எழுகிறது. கீழே ஜானின் தடித்த, சற்றே கரகரப்பான குரல் கதையைச் சொல்லிக்கொண்டு போக, மேலே டீனின் பொய்க்குரலும் (இயல்பான ஆண்குரலுக்கு மேலே ஏறிப் பாடும் மெல்லிய குரல்) பிரையனின் குரலும் ஒன்றோடொன்று ஒட்டி, எது யாருடையது என்று பிரித்தறிய முடியாத ஒரே கோடாக ஓடுகின்றன. நல்ல ஒலிபெருக்கியில் கேட்கும்போது, ஒவ்வொரு அடியின் முடிவிலும் மேற்குரல் விழுவதற்கு ஒரு கணம் முன்னரே கீழ்க்குரல் அடுத்த சொல்லைப் பிடித்துவிடுவதைக் கவனிக்கலாம். பாடல் எங்கும் மூச்சு வாங்காமல் ஓடுவதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

தாள வாத்தியத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து ஹொலிவூட் ஒலிப்பதிவுகளில் ஓய்வின்றி வாசித்த ஹால் பிளெய்ன், ஏர்ள் பாமர் ஆகிய இருவரையும் ஒரே நேரத்தில் இரண்டு ட்ரம் தொகுதிகளில் அமர்த்தி, ஒரே அடியை ஒன்றாக அடிக்கவைக்கும் வழக்கம் ஜானுக்கு இருந்தது. திருவிழா இரவில் இரண்டு தவில்கள் சேர்ந்து ஒரு தீர்மானத்தை அடிக்கும்போது சத்தம் கூடுவதோடு நில்லாமல் அடியின் கனமே மாறிவிடுவதை நாம் கேட்டிருக்கிறோம், இங்கும் அப்படித்தான். ‘ட்ராக் சிற்றி’யில் இந்த இரட்டை அடி மிகத் தெளிவாகக் கேட்கிறது. இரண்டு ட்ரம்களும் நூலிழை பிசகினாலும் முழுப் பாடலும் குழம்பிப்போகும். அவை ஓரிடத்திலும் பிசகவில்லை.

தொகுதியில் என்னை அதிகம் நிறுத்திவைத்த பாடல் ‘டெட் மான்ஸ் கேர்வ்’. லொஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் பெருவீதியில் ஒரு கோர்வெட் காரும் ஒரு ஜகுவார் காரும் இரவில் ஓட்டப் போட்டியில் இறங்குவதும், ஆபத்தான வளைவொன்றில் அது விபத்தாக முடிவதும் கதை. நடந்ததை ஓட்டுநர் மருத்துவரிடம் பேச்சாகச் சொல்லும் பகுதியும், டயர் கிறீச்சிடும் ஒலியும், மோதல் ஒலியும் பாடலுக்குள்ளேயே அமைக்கப்பட்டுள்ளன. இளைஞர்களுக்கான பொழுதுபோக்குப் பாடலில் இவ்வளவு நாடகம் தேவையா என்று சிலர் கேட்கலாம். தேவை என்றே நான் சொல்வேன். மற்றப் பாடல்களில் வேகத்தைக் கொண்டாடிய அதே குரல்கள் இங்கே அந்த வேகத்தின் விலையைச் சொல்கின்றன. பாடல் 1964இல் வெளிவந்து பட்டியலில் எட்டாம் இடம்வரை போனது. 1966 ஏப்ரல் 12ஆம் திகதி, பெவர்லி ஹில்ஸில், சன்செட் பெருவீதிக்குத் தொலைவில் இல்லாத ஒரு தெருவில், ஜான் ஓட்டிச்சென்ற கோர்வெட் நிறுத்திவைக்கப்பட்டிருந்த லொறியில் மோதியது. மூளையில் கடுமையான காயம். உடலின் வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சையும் நடையையும் அவர் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. இருபத்தைந்து வயதில் அந்த நிலைக்கு உள்ளானவர், எழுபதுகளின் பிற்பகுதியில் டீனோடு மீண்டும் மேடையேறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2004இல் அவர் காலமானார். இந்தத் தட்டு அச்சானபோது இவற்றில் எதுவும் நடந்திருக்கவில்லை. ஆனால் இன்று கேட்பவர் அதை மறந்துவிட்டுக் கேட்க இயலாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். ‘லிண்டா’ நாற்பதுகளில் எழுதப்பட்ட பழைய பாடல். பாடலாசிரியர் தம் சட்டத்தரணியின் சிறு மகளின் பெயரில் எழுதினார், அந்தச் சிறுமியே பிற்காலத்தில் போல் மக்கார்ட்னியின் மனைவியானார். ஃபோர் சீசன்ஸ் குழுவின் பாணியை இதில் வெளிப்படையாகவே பின்பற்றியிருக்கிறார்கள். இனிமை உண்டு, புதுமை குறைவு. ‘சைட்வோக் சேர்ஃபின்’ பீச் போய்ஸ் பாடலொன்றின் மெட்டுக்குச் சறுக்குப் பலகை பற்றிய புதுச் சொற்களைப் போட்டது. சில்லுகள் உருளும் ஒலி முதல் தடவை ரசிக்கவைக்கிறது, அதன்பின் அலுக்கிறது. பசடீனா நகரத்து மூதாட்டி பற்றிய பாடல் மூன்றாம் இடத்தைத் தொட்ட பெரும் வெற்றி. அமைதியாக இருக்கவேண்டிய பாட்டி காரைப் பறக்கவிடுகிறார் என்ற வேடிக்கை எந்த ஊரிலும் சிரிப்பைத் தரும். பாடல் வரிகளைப் பொறுத்தவரை ஒரு குறையை மறைக்க முடியாது: பெண்கள் பெரும்பாலும் கடற்கரைக் காட்சியின் ஒரு பகுதியாகவே வருகிறார்கள், அவர்களுக்கென்று ஒரு சொல்லும் இல்லை. இன்றைய இளம் வாசகிகளுக்கு இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

இணை என்று அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தாலும், இந்தப் பாடல்களில் பல இரண்டு பேரால் மட்டும் பாடப்பட்டவை அல்ல. பி. எஃப். ஸ்லோன், ஸ்டீவ் பாரி என்ற இளம் பாடலாசிரியர்கள் பின்குரல்களில் பெரும் பங்கு கொண்டார்கள். அவர்களே 1964இல் ஃபன்டாஸ்டிக் பாகீஸ் என்ற பெயரில் தனியாகச் சேர்ஃப் பாடல்களை வெளியிட்டார்கள். அதே காலத்தில் புரூஸ் ஜோன்ஸ்டனும் டெரி மெல்ச்சரும் புரூஸ் அண்ட் டெரி என்று மற்றோர் இணையாகப் பாடினார்கள். புரூஸ் பின்னர் பீச் போய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார். டீனும் அந்தக் குழுவுக்குக் கடன்பட்டவராக மட்டும் இருக்கவில்லை. 1965இன் இறுதியில் வெளியான பீச் போய்ஸின் ‘பார்பரா ஆன்’ பாடலில் முதன்மைக் குரல்களில் ஒன்று டீனுடையது. தட்டில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. யார் யாருடைய நிழலில் நின்றார்கள் என்ற கேள்வியே இங்கே பொருளற்றுப் போகிறது. ஒரே வட்டத்து நண்பர்கள் ஒருவருக்கொருவர் பாடலும் குரலும் கொடுத்து வளர்த்த இசை இது.

யாழ்ப்பாணத்தவர் இதை ஏன் கேட்கவேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். காரைநகர்க் கசூரினாக் கரையில் முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்துபோகலாம். பரவைக்கடலிலோ அலையென்று சொல்லத்தக்கது எழுவதே அரிது. பலகை கொண்டு அலைமேல் சறுக்க நினைப்பவர் அறுகம்குடா போன்ற இடங்களுக்குத்தான் போகவேண்டும். ஆனால் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வழியாக மேற்கத்தேயப் பொப் இசை இந்தக் குடாநாட்டு வீடுகளுக்குள் வந்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. கிட்டாரோடு எளிய தமிழில் பாடிய பொப்பிசை அறுபதுகளின் பிற்பகுதியில் இந்த மண்ணில் எழுந்தபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவரான நித்தி கனகரத்தினம் உரும்பிராயிலிருந்து வந்தவர். அவருடைய தாளம் கலிப்சோவுக்கும் பைலாவுக்கும் அண்மையானது, கலிபோர்னியாவுக்கு அல்ல. ஆயினும் அன்றாட வாழ்வின் சிறு விடயத்தை எடுத்து, குறுகிய நேரத்துக்குள், எவரும் கூடச்சேர்ந்து பாடத்தக்க மெட்டில் சொல்லிவிடும் துணிவு இரண்டு கரைகளிலும் ஒன்றுதான். நம் பொப்பிசையை நேசிப்பவர்களுக்கு இந்தத் தட்டு அந்நியமாக இராது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்முறைக் குறிப்புகள். மொனோ, ஸ்டீரியோ இரண்டு பதிப்புகளும் கிடைத்தால் மொனோவையே எடுங்கள். அக்காலத்தில் இத்தகைய பாடல்கள் கார் வானொலியின் ஒற்றை ஒலிபெருக்கியில் உரத்துக் கேட்பதற்காகவே செதுக்கப்பட்டன. அந்நாளைய ஸ்டீரியோப் பதிப்புகள் பலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமுமாகப் பிரிந்து, நான் மேலே சொன்ன பிணைப்புத் தளர்ந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது, தட்டைச் சுழற்றும் கருவி. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர்கள் அன்போடு கொண்டுவந்த பழைய சுழலிகள் நம் வீடுகள் சிலவற்றில் இருக்கின்றன. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை தடவை மாறி மாறி ஓடுகிறது என்ற அளவு). இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தால் வோல்ட் பிரச்சினை தீரும், ஹேர்ட்ஸ் மாறாது. பழைய ஏ.சி. மோட்டார்கள் ஹேர்ட்ஸின்படியே சுழல்வதால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடவேண்டிய தட்டு ஏறத்தாழ 28 சுற்றே ஓடும். அப்போது சுருதி மூன்று அரைச்சுரங்களுக்கும் மேல் இறங்கி, டீனின் பொய்க்குரல் சாதாரண ஆண்குரலாகிவிடும். இரட்டை ட்ரம் சோம்பிப்போகும். கடையில் இந்தத் தட்டை முதலில் போட்டுக் காட்டிய சுழலி அத்தகையதே. பாட்டு மந்தமாக இருக்கிறதே என்று வேறு ஒருவர் தட்டை வாங்காமல் திருப்பி வைத்துவிட்டுப் போனதாகக் கடைக்காரரே சொன்னார். பின்னர், ஹேர்ட்ஸைச் சாராத டி.சி. மோட்டார் உள்ள புதிய சுழலியில் போட்டபோது முழு அறையும் நிமிர்ந்தது.

என் பிரதியின் அட்டை மூலைகள் நைந்திருக்கின்றன. இரண்டாம் பக்கத்தின் இறுதியில் மெல்லிய கீறல் ஒன்று உண்டு, ஊசி தாவவில்லை. வாங்கிய அன்றே, வடிகட்டிய நீரில் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரக் கரைசலைக் கலந்து மென்துணியால் வரிகளின் போக்கிலே துடைத்து, மீண்டும் வடிகட்டிய நீரால் கழுவி நிழலில் உலர்த்தியதும் இரைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கூரைத் தகட்டுக்குக் கீழுள்ள அறையில் வைத்தால் நம் ஏப்ரல் வெயிலில் அவை வளைந்துவிடும்.

கடையில் இதே தொகுதியின் ஸ்டீரியோப் பிரதி இன்னொன்று இருக்கிறது. அதற்கும் 6,000 ரூபாவே சொல்கிறார்கள். முதல் பக்கத்தில் கீறல் ஆழமாக இருப்பதால் 3,500க்கு மேல் கொடுக்கவேண்டியதில்லை. கடைக்காரர் பொறுமையானவர், கேட்டால் எந்தத் தட்டையும் போட்டுக் காட்டுவார். புதிய சுழலியில் போடும்படி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.