தையல் கரையும் முன்னே ஊருக்கு

சிங்கப்பூரில் வலது கண்ணில் மாறுகண் அறுவை செய்துகொண்ட ஐந்தாவது வாரம், தை மாதக் கடைசியில், திருச்சியில் வந்து இறங்கினேன். தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும், தள்ளிப்போட முடியவில்லை.

விழியை அசைக்கும் ஆறு தசைகளில் ஒன்றைத் தளர்த்தி, இன்னொன்றை இறுக்கித் தைத்திருந்தார்கள். வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. போகாதது உறுத்தல். இமைக்கடியில் மணல் கிடப்பது போலவே இருக்கும். மூக்கை ஒட்டிய வெள்ளை விழி சிவந்திருந்தது. ஓரமாகப் பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

பாபநாசம் வரை வாடகைக் கார். தஞ்சாவூர் தாண்டியதும் சாலையில் பாதி அகலத்துக்கு சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நான் சொல்லாமலே கண்ணாடியை ஏற்றினார். "நெல்லுச் சுணை நமக்கே ஆகாதுங்க, ஆபரேசன் பண்ண கண்ணு வேற" என்றார். அந்த அக்கறைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மா வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். "இப்பத்தான்டா நீ என்னையப் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள். அத்தைக்கு மட்டும் வருத்தம். மாறுகண் அதிர்ஷ்டமாம், அதை ஏன் மாற்றினாய் என்று கேட்டார். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றச் சொன்னார். அன்போடு சொன்னதுதான், ஆனால் தையல் போட்ட கண்ணில் பூவும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டேன். நிஜமாகவே இதமாக இருந்தது. பிள்ளைகள் காவிரியில் குளிக்கப் போனபோது நான் படித்துறையில் உட்கார்ந்துகொண்டேன். இறங்கும்போது கடைசிப் படி இரண்டாகத் தெரிந்ததால் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் உறுத்தல் கூடியது. கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் கேட்டேன். சீட்டு இருக்கிறதா என்று கேட்காமலே ஒரு சொட்டு மருந்தை எடுத்து வைத்து, "ரெண்டு நாள்ல செவப்பு போயிடும்ண்ணே" என்றார் பையன். அட்டையைப் படித்தேன், டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. எனக்கும் அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டுதான் கொடுத்தார்கள், ஆனால் நாள் கணக்கு வைத்துக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். கணக்கில்லாமல் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். சிவப்பு மட்டும் மறைந்துபோய் உள்ளே நடப்பது தெரியாமல் போகும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை மிட்டாய் போல நீட்டுகிறார்களே என்று வயிறு எரிந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கும்பகோணத்தில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். டோக்கன் 27, இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் உள்ளே போனபின் அவசரமே இல்லை. சிங்கப்பூர்க் கடிதத்தை முழுக்கப் படித்தார். எந்தத் தசை, எந்தத் தேதி என்று கேட்டார். கண் அழுத்தம் பார்த்தார். ஒரு கண்ணை மூடித் திறந்து விழி அசைகிறதா என்று பார்த்தார். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் சிலிட் லேம்ப் கருவியில் பார்த்துவிட்டு, "நூல் நுனி ஒண்ணு இன்னும் கரையல சார், அதுதான் உரசுது. கண்ணு காஞ்சும் இருக்கு" என்றார். நூல் கரைய ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சிவப்பு முழுதாகப் போக இரண்டு மூன்று மாதம்கூடப் பிடிக்கும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு நாளைக்கு ஐந்து தடவை, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி, கசக்கவே கூடாது. வலி கூடினால், சீழ் வந்தால், பார்வை மங்கினால் நேரம் காலம் பார்க்காமல் வரச் சொன்னார். கட்டணம் 300 ரூபாய்.

அப்புறம் காதுகுத்து. ஓமப் புகைக்குத் தள்ளி என்னை உட்காரவைத்தார்கள். பத்தர் குத்தியதும் பாப்பா வீறிட்டாள், நான் அவள் தலையைப் பிடித்திருந்தேன். போட்டோக்காரர் எடுத்ததை அம்மா பிரேம் போடக் கொடுத்திருக்கிறாள். வலது கண் சிவந்துதான் இருக்கிறது. ஆனால் இரண்டு கண்ணும் கேமராவைப் பார்க்கின்றன.