எம்டிஏகான்: பச்சைத் திரை மானிட்டருக்கு லினக்ஸ் டிரைவர் எப்படி இருக்கிறது?

ஐபிஎம் 5151 மாதிரி ஒரு பச்சைத் திரை மானிட்டரும், அதற்கேற்ற எம்டிஏ அல்லது ஹெர்குலிஸ் என்ற ஒற்றை நிற (மோனோ) திரை கார்டும் கையில் இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். லினக்ஸ் கர்னலிலேயே எம்டிஏகான் என்ற டிரைவர் இருக்கிறது. வண்ண மானிட்டர் பக்கத்தில் ஓட, இதை லாக் (கணினி எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பு) பார்க்கும் இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு இது அருமை. ஆனால் கவனிக்காவிட்டால் மானிட்டரே போய்விடும்.

காரணம் இது. கணினி ஆன் ஆனதும் பயாஸ் என்ற தொடக்க நிரல், வண்ணத் திரைக்கான விஜிஏ கார்டை மட்டும் தயார் செய்கிறது. மோனோ கார்டில் திரையின் நேரக்கணக்கை நடத்தும் 6845 சிப்பை யாரும் தொடுவதில்லை. அதன் ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கும் என்றே சொல்ல முடியாது. 5151க்குள் சொந்தமாகக் கிடைமட்ட ஆசிலேட்டர் இல்லை. கார்டு அனுப்பும் சிங்க்கை (வரி எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பை) நம்பித்தான் ஃப்ளைபேக் என்ற உயர் மின்னழுத்தப் பகுதி ஓடுகிறது. அதற்கு வேண்டியது கிடைமட்டமாக 18.432 கிலோஹெர்ட்ஸ், செங்குத்தாக 50 ஹெர்ட்ஸ். கண்ட சிங்க்கும் போனால் கிறீச்சிட்டு, கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறும். டிரைவர் ஏறிய பிறகுதான் 6845க்கு 97, 80, 82, 15 என்று சரியான எண்கள் போகின்றன.

அதனால் மானிட்டர் ஸ்விட்சைக் கடைசியில் போடுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: கரண்ட் திரும்பியதும் தானாக பூட் ஆகும்படி பயாஸில் வைத்து, மானிட்டரையும் ஆனில் விட்டிருந்தால், டிரைவர் ஏறும் வரை அது குப்பை சிங்க்கில் தவிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த மானிட்டர் என்றால் பின்பக்க லேபிளையும் பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் இங்குள்ள 230 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். சிஜிஏ, இஜிஏ கார்டுகளிலும் அதே ஒன்பது பின் சாக்கெட்தான், மாற்றிச் செருகிவிடாதீர்கள்.

இந்த டிரைவரைக் கர்னலின் ஐஎஸ்ஏ (பழைய கார்டு ஸ்லாட்) ஆதரவோடு கட்டிவைத்திருக்கிறார்கள், எனவே 32 பிட் எக்ஸ்86 கர்னல் வேண்டும். 64 பிட்டில் இந்த டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே வராது. டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பு தன் 32 பிட் பிசி கர்னலை நிறுத்திவிட்டது. 12ஓடு நில்லுங்கள், அல்லது சொந்தமாகக் கம்பைல் செய்யுங்கள்.

மாட்புரோப் கட்டளை கொடுத்து டிரைவரை ஏற்றியதும் 13 முதல் 16 வரையிலான கன்சோல்கள் (எழுத்துத் திரைகள்) பச்சைத் திரைக்குப் போகும். வேறு எண்கள் வேண்டுமென்றால் ஏற்றும்போதே முதல், கடைசி எண்களைப் பாராமீட்டராகக் கொடுக்கலாம். கார்டின் வகையும் மெமரி அளவும் கர்னல் லாகில் வரும். பிறகு கர்னல் லாகை டிடிஒய்13 என்ற 13ஆம் கன்சோலுக்குத் திருப்பிவிட்டால் போதும். 13ஆம் கன்சோலுக்குத் தாவினாலும் விஜிஏ திரையில் இருந்தது அப்படியே நிற்கும். கீபோர்டு மட்டும் இந்தப் பக்கம் வரும். இந்த டிரைவரில் மிகவும் பிடித்தது இதுதான்.

எழுத்துகள் குழறினால் விஜிஏ கார்டைச் சந்தேகப்படுங்கள். 16 பிட் ஐஎஸ்ஏ விஜிஏ, ஏ0000 முதல் பிஎஃப்எஃப்எஃப்எஃப் வரையிலான 128 கேபி மெமரி முகவரிகள் முழுவதையும் 16 பிட் என்று அறிவித்துவிடும். மோனோ கார்டின் பி0000 அதற்குள்தான் இருக்கிறது, அதுவோ 8 பிட் கார்டு. பாதி பைட்டுகள் தொலைந்துபோகும். ஜம்பர் மாற்றி விஜிஏவை 8 பிட்டில் ஓட்டுங்கள். மோனோ கார்டின் பிரின்டர் போர்ட் 3பிசி என்ற முகவரியில் உட்காரும். மதர்போர்டு போர்ட்டும் அங்கேயே இருந்தால் ஒன்றை நகர்த்துங்கள்.

80க்கு 25 எழுத்துகள், அவ்வளவுதான். வண்ணமெல்லாம் மறைந்துபோகும், பளிச்சிடல், அடிக்கோடு, தலைகீழ், மினுக்கல் மட்டும் மிஞ்சும். எழுத்துருவும் ரோமில் இருக்கும் 256தான், தமிழுக்கு இடமில்லை. ஹெர்குலிஸ் கார்டு என்றால் ஹெச்ஜிஏஎஃப்பி என்ற வேறொரு டிரைவரில் 720க்கு 348 புள்ளிகள் கிடைக்கும், தமிழைப் படமாக வரையலாம். ஆனால் அடுத்தடுத்த வரிகள் மெமரியில் 8192 பைட் தள்ளித் தள்ளி இருக்கும். ஐந்தாவது வரிதான் முதல் வரிக்கு 90 பைட் தள்ளி வரும். இதைக் கணக்கில் எடுக்காத புரோகிராம் படத்தை நான்காகக் கிழித்துப் போடும்.

கடைசியாக ஒரு குறை. கர்னலின் திரை அணைப்பு, அப்போது முன்னால் இருக்கும் கன்சோலை மட்டுமே அணைக்கிறது. நீங்கள் முதல் கன்சோலில் இருக்கும்போது பச்சைத் திரை இரவெல்லாம் எரியும், நகராத வரிகள் பாஸ்பரில் தழும்பாகப் பதியும். பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள். படுக்கப் போகுமுன் ஸ்விட்சை அணையுங்கள்.