எம்35ஏ2: செத்ததைச் சொல்லாத டேங்க் பம்ப்

மேட்டில் இழுவை இல்லை, காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது, மெக்கானிக் டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றச் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று எம்35ஏ2 வாங்கிய நண்பர் கேட்டிருந்தார். கழற்ற வேண்டாம். இந்த அமெரிக்க ராணுவ லாரியில் அந்தப் பெரிய பம்பின் மேல் விழுகிற பழியில் பாதிக்கு மேல் டேங்குக்குள் கிடக்கும் சின்ன எலக்ட்ரிக் பம்புக்குச் சேர வேண்டியது.

எல்டிடி-465 மல்டிஃபியூயல் (பலவகை எரிபொருளில் ஓடும்) எஞ்சின், ஆறு சிலிண்டர், டர்போ, 24 வோல்ட், 50 கேலன் டேங்க் என்பதெல்லாம் வண்டி வைத்திருப்பவருக்குத் தெரிந்தது. தெரியாமல் போவது ஒன்றுதான்: டேங்க் பம்ப் செத்தாலும் வண்டி ஓடும். இன்ஜெக்ஷன் பம்போடு ஒட்டியிருக்கும் சப்ளை பம்ப் தானே டீசலை இழுத்துக்கொள்ளும். அவசரத்தில் அது வரம்தான். அன்றாடத்தில் சாபம். டேங்க் பம்ப் ஓடும்வரை லைனுக்குள் அழுத்தம் இருக்கும்; எங்காவது ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். அது நின்றதும் அதே லைன் உறிஞ்சும் லைனாக மாறிவிடும். சொட்டு நின்றுபோகும், காற்று உள்ளே போகும். கசிவு தானாக நின்றுவிட்டதாக உரிமையாளர் மகிழ்ச்சியோடு இருப்பார். நோய் அன்றைக்குத்தான் தொடங்கியிருக்கும்.

பிரேக் காற்று குறைந்தால் ஊரைக் கூட்டும் பஸ்ஸர் இந்த வண்டியில் உண்டு. எரிபொருள் பம்ப் செத்தால் ஒரு விளக்குகூடக் கிடையாது. இவ்வளவு நாள் பழகியும் என் கோபம் தணியாத இடம் இது.

அதனால் முதல் சோதனை காதால்தான். காற்று அழுத்தம் ஏறியிருக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸர் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. ஆக்சஸரி சுவிட்ச் மட்டும் போட்டு டேங்கருகே காதை வையுங்கள். சீரான ரீங்காரம் வர வேண்டும். வராவிட்டால் கனெக்டரைச் சொருகியபடியே, அதாவது லோடு இருக்கும்போதே, வோல்டேஜ் பாருங்கள். பிடுங்கிவிட்டுப் பார்த்தால் துருப்பிடித்த வயரும் 24 காட்டும். வோல்டேஜும் எர்த்தும் சரியாக இருந்து சத்தம் இல்லையென்றால் பம்ப் போய்விட்டது. சத்தம் கேட்டாலும் நம்பிவிடாதீர்கள். முதல் ஃபில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டுப் பாருங்கள். குழாய் நிறைய, விடாமல் கொட்ட வேண்டும். விட்டுவிட்டு வந்தால் பம்பின் அடிச்சல்லடை அடைத்திருக்கிறது. பம்பைத் தூக்குவதற்கு முன் டேங்கின் மேல்தட்டைச் சுற்றி மண்ணைத் துடைத்துவிடுங்கள். திறந்த பிறகு விழும் மண் நேராகச் சல்லடைக்குத்தான் போகும்.

இழுவைக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க ஒரே வழி: ஐந்து கேலன் கேனில் சுத்தமான டீசல் நிரப்பி, சப்ளை பம்பை விட உயரத்தில் கட்டி, ஒரு ஹோஸ் வழியாக நேரே அதன் நுழைவாயிலில் கொடுங்கள். டேங்க், லைன், முதல் ஃபில்டர் எல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும். எஞ்சின் சரியாக ஓடினால் குறை டேங்க் பக்கம்தான். பெரிய பம்பை யாரும் தொட வேண்டியதில்லை. அதே இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் மாட்டி, டேங்க் பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ரேஸ் செய்து பாருங்கள். குமிழி ஓடினால் காற்று பிடிக்கிறது. பிறகு கனெக்டரைச் சொருகிச் சுவிட்ச் போட்டு, எங்கே ஈரம் கசிகிறது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். கசிகிற இடமே காற்று நுழையும் இடம். ஒரே பம்பை அணைத்தும் போட்டும் இரண்டு பக்கமும் சோதிக்கலாம் என்பது இந்த அமைப்பின் அருமை. இதற்காகவே அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் மாட்டுவது முதல் ஃபில்டரின் கேஸ்கெட். பழையது தலைப்பகுதிப் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் அதன்மேல் புதியதை வைத்து இறுக்கிவிடுவார்கள். இரட்டை கேஸ்கெட் எவ்வளவு இறுக்கினாலும் அடங்காது. இன்னும் இறுக்கினால் நடு போல்ட்தான் கெடும். விரலை விட்டுப் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொன்று டீசலே. 2006 முதல் அமெரிக்காவில் வந்த 15 பிபிஎம் குறைசல்ஃபர் டீசலில், ரப்பரை உப்ப வைக்கும் அரோமாட்டிக் பொருள்களின் அளவும் பெரும்பாலும் குறைவு. பழைய டீசலில் ஊறி உப்பிப்போன நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) அதில் சுருங்கும். வெளியே கசிந்தால் துடைத்துவிடலாம். இன்ஜெக்ஷன் பம்பில் டீசலை அழுத்தும் பகுதியான ஹைட்ராலிக் ஹெட்டில் கசிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும், ஏனென்றால் அந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு. ஆயில் மட்டம் ஏறுகிறதா, டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஏறினால் எஞ்சினை ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும். பெரிய பம்பைக் கழற்ற நியாயமான காரணம் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

டென்சிட்டி காம்பென்சேட்டரைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. எரிபொருள் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி. டீசல் மட்டுமே ஊற்றுபவருக்கு அதனால் பயனில்லை, கசிவதற்கு ஓரிடம் கூடுதல், அவ்வளவுதான். பைபாஸ் செய்யலாம். ஆனால் அப்போது எரிபொருள் அளவை ஒரு ஸ்க்ரூவில் நிலைநிறுத்துகிறீர்கள். புகையின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் இல்லாமல் அதைக் கூட்டுவது பிஸ்டனோடு விளையாடுவது.

ஃபில்டர்களின் அடிக்குழாயைத் திறந்து ஒரு டம்ளர் அளவு கண்ணாடி ஜாடியில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். கறுப்புச் சளி மிதந்தால் டேங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது. டேங்கைக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, சோர்ந்து, நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். காற்று உறிஞ்சும் சத்தத்தோடு இழுவை திரும்பினால் டேங்குக்குள் காற்று வர விடும் வென்ட் அடைப்பு. செலவே இல்லை.

ஸ்டார்ட் ஆகவே இல்லையென்றால் புகைபோக்கியைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வெண்புகை வந்தால் டீசல் நாசில்வரை போகிறது. புகையே இல்லையென்றால் முதலில் எஞ்சின் ஸ்டாப் கேபிள் முழுதும் உள்ளே திரும்பியதா, பம்பில் அதன் லீவர் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பிளீடிங், அதாவது லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றுவது. சுவிட்ச் போட்டு, ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் வால்வைத் திறந்து குமிழி இல்லாமல் வரும்வரை விடுங்கள், மூடுங்கள். நாசில் பக்கத்து நட்டுகளில் இரண்டு மூன்றை அரைச்சுற்று தளர்த்தி, ஒரு மூச்சுக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடித்து, டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

எல்லாம் வெளியே தெரிகிறது, நாலைந்து ஸ்பானர் போதும், கம்ப்யூட்டர் கிடையாது. எரிபொருள் அமைப்புக்கு இதைவிட நேர்மையான லாரி எனக்குத் தெரியாது. இருந்தும் நம்பி வேலைக்கு ஓட்ட இதை வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு விளக்குக்கும் ஒரு முழம் வயருக்கும் கஞ்சத்தனம் பார்த்த வண்டி இது. வாங்கியே தீருவேன் என்றால் விலை பேசுமுன் சுவிட்ச் போட்டு டேங்க் பம்ப் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். "அது இல்லாமலும் ஓடும்" என்று விற்பவர் சொன்னால் பம்பு, கேஸ்கெட், ஹோஸ் மூன்றின் விலையையும் கழித்துவிட்டுப் பேசுங்கள்.