உப்புவெளிப் பழம்பொருள் கடை: மரவேலைக்குக் கொடுக்கலாம், படத்தின் முகத்தில் கைவைக்க விடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டவருக்குப் பழம்பொருள் விற்கும் இந்தக் கடை, பின்பக்கப் பட்டறையில் பழுதும் பார்த்துக் கொடுக்கிறது. இப்போது மூன்று ரஷ்ய ஐகன் படங்கள் (கிறிஸ்தவர்கள் வணங்கும் புனிதர் படங்கள்) விற்பனைக்கு இருக்கின்றன. "புதுசா நிறம் குடுத்திருக்கிறம், அதாலதான் விலை கூட" என்கிறார் கடைக்காரர். ஐகன் வாங்குகிறவர்களின் கணக்கோ நேர்மாறு.

பெரியது புனித நிக்கலாஸ், 19ஆம் நூற்றாண்டு வேலை. லிண்டன் பலகை நேராக இருக்கிறது. பின்னால் குறுக்கே செருகிய சட்டங்களும் பழையவையே. கெட்டது முன்பக்கம்தான். ஒளிவட்டத்தில் பொன்தாள் போன இடத்தைப் பித்தளைத் தூளால் நிரப்பியிருக்கிறார்கள். ஓரம் இப்போதே பச்சை பிடிக்கிறது. இடது கன்னத்தில் இருக்கவேண்டிய மயிரிழை வெள்ளைக் கோடுகளைக் காணோம். கறுத்த வார்னிஷை எடுக்கப்போய் மேல்நிறத்தையும் எடுத்துவிட்டார்கள். துணியால் இழுத்துத் துடைத்த தடம் வரிவரியாகத் தெரிகிறது.

கறுப்பை எடுப்பது பிழையில்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூச்சு நூறு வருடத்துக்குள் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் அதன்மேலேயே திரும்ப வரைவார்கள். பழைய ரஷ்ய ஐகன் ஓவியர் ருப்லெவின் புகழ்பெற்ற 'திரித்துவம்' கூட 1904இல் பழுதுபார்ப்பாளர் குரியானவ் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் பழைய நிறத்தைக் காட்டியது. ஆனால் விரல்நகம் அளவு இடத்தில் பஞ்சுக்குச்சியால் சோதித்துப் பார்க்கவேண்டும். பஞ்சில் சிவப்போ நீலமோ ஏறினால் அத்தோடு நிறுத்தவேண்டும்.

இரண்டாவதான மாதா படத்தில் அதே பட்டறை நல்ல வேலை செய்திருக்கிறது. நிறத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புப் படை பொருக்கெழும்பிய இடத்தில் மெல்லிய தாளை ஒட்டி, நீர்த்த வச்சிரப் பசையை (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுப்பது) ஊசியால் செலுத்தி, இளஞ்சூட்டில் அழுத்தியிருக்கிறார்கள். வச்சிரம் பிறகு வெந்நீருக்கு இளகும். தச்சரின் வெள்ளைப் பசை அப்படி எளிதில் இளகாது. அடுத்தமுறை கழற்றினால் சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு வரும். படத்தின்மேல் அடிக்கும் வெள்ளிக் கவசத்தில் 84 முத்திரை இருக்கிறது, அதாவது பழைய ரஷ்யக் கணக்கில் 96க்கு 84, ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளி. குத்துவிளக்கு போலப் பிறாசோ போட்டுத் தேய்த்ததில் முத்திரை பாதி மழுங்கிவிட்டது. ஆணித்துளைகள் பலகையோடு பொருந்துவதால் கவசம் வேறு படத்தில் இருந்து வந்ததல்ல.

மூன்றாவது தகரத்தில் அச்சடித்தது. அதற்குப் பழுதுபார்ப்புச் செலவே வீண்.

வாங்கப் போகிறவர்கள் காசு சோதிக்கும் ஊதா விளக்கைக் கொண்டுபோங்கள். இருட்டில் பிடித்தால் பழைய வார்னிஷ் பச்சையாய் மினுங்கும். பிந்தித் தொட்ட நிறம் கறுப்புத் திட்டாய் நிற்கும். திட்டு ஓரத்தில் என்றால் பரவாயில்லை. முகத்திலும் கையிலும் என்றால் விலை பேசவே வேண்டாம்.

கடையில் ஏசி பகலில் மட்டும் ஓடுகிறது, இரவில் கடல் ஈரம். பலகை தினமும் சுருங்கி விரிந்தால், ஒட்டிய சுண்ணாம்பும் மாரிக்குள் திரும்ப எழும்பும். வேலைக்கு முன் எடுத்த புகைப்படமோ, போட்ட பசையின் விபரமோ கேட்டால் கைவிரிக்கிறார்கள்; அந்த ஒரு தாள் இருந்தாலே மாதா படத்துக்குக் கூடுதல் விலை கேட்கலாம். பழுதுக்குக் கொடுப்பவர்கள் "நிறத்தில் கைவைக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள்.