மோதுண்ட வாகனத்துக்கு விலை சொல்வது யார்?

கொழும்பில் வாகனம் மோதிக்கொண்டால், தகவல் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும் பஸ்களைப் பொருட்படுத்தாமல் நான்கு பக்கமும் படம் எடுப்பார். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார், ஒரு தாளில் கையொப்பம் வாங்குவார். சேதம் சிறியதென்றால் அங்கேயே ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். நம்மில் பலருக்கு மதிப்பீடு என்பது அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்தத் தொகை போதாது என்று தோன்றினால் இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கராஜிலோ அந்த வாகனத்தை விற்கும் கம்பெனியின் ஏஜென்டிடமோ எஸ்டிமேட் எடுத்துக்கொண்டு போய்ப் பேசலாம். அல்லது கைக்காசைச் செலவழித்து, காப்புறுதி நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை எடுக்கலாம். தெஹிவளைச் சந்தியில் லொறி ஒன்று பின்னுக்கு வந்து என் டொயோட்டா விட்ஸ் காரின் பின்பக்கத்தை நசுக்கியபோது நான் கடைசி வழியில் போனேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை.

முதலில், நிறுவனத்தின் மதிப்பீட்டாளரே போதுமான இடங்கள். பம்பர் கீறல், உடைந்த விளக்கு, நெளிந்த கதவு போன்றவற்றுக்கு வேறு யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. நாமே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகையைக் கழித்து, கோரிக்கை வைக்காதவர்களுக்குத் தவணைப் பணத்தில் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற கழிவு போவதையும் கணக்கில் எடுத்தால், சிறிய சேதத்துக்குக் கோரிக்கையே வைக்காமல் விடுவது சில வேளைகளில் இலாபம். அந்த மதிப்பீட்டாளர் நமக்கு எதிரியும் அல்லர். வெயிலில் நாளெல்லாம் ஓடித் திரியும் மனிதர். ஆனால் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை அவரும் மறப்பதில்லை, நாமும் மறக்கத் தேவையில்லை.

கராஜ் எஸ்டிமேட்டின் பலம் வேறு. கழற்றிப் பார்க்கிற கை அது. வெளியிலிருந்து படம் எடுப்பவருக்குப் பம்பருக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் இரும்புச் சட்டம் தெரியாது, டிங்கர் வேலை செய்பவருக்குத் தெரியும். முதல் எஸ்டிமேட்டில் விடுபட்டதைக் கழற்றிய பிறகு மேலதிக எஸ்டிமேட்டாகப் போட்டு அனுமதி வாங்குவது இங்கே வழக்கம். உதிரிப்பாகத்தின் விலையும் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். ஏஜென்டிடம் புதியது என்ன விலை, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழையது என்ன விலை என்று உடனே சொல்வார்கள். தகராறு திருத்தச் செலவைப் பற்றி மட்டும் என்றால் நல்ல கராஜ் ஒன்றே போதும். இன்னொருவருக்குக் கட்டணம் கொடுப்பது வீண். கராஜ்காரர் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார், நிறுவனம் கொஞ்சம் வெட்டும், நடுவில் ஓரிடத்தில் முடியும். இரு தரப்புக்கும் பழகிப்போன பேரம்.

ஆனால் பெரிய தொகை கைநழுவுவது பெரும்பாலும் திருத்தச் செலவில் அல்ல. விபத்து நடப்பதற்கு முந்திய நிமிடத்தில் அந்த வாகனம் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற ஒரே கேள்வியில்தான். கராஜ்காரரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் அது எடுபடாது. நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் சொல்வார், எப்படி அந்த விலைக்கு வந்தார் என்று மட்டும் எழுதமாட்டார்.

இந்த விலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காப்புறுதிப் பத்திரத்தில் உங்கள் வாகனத்துக்கு 60 இலட்சம் ரூபா என்று போட்டிருக்கிறது. விபத்தன்று அதன் சந்தைப் பெறுமதி 80 இலட்சம் என்று நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நீங்கள் வாகனத்தின் நான்கில் மூன்று பங்கைத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். திருத்தச் செலவு 8 இலட்சம் என்றால் அதிலும் நான்கில் மூன்று பங்குதான் கிடைக்கும். 6 இலட்சம். மிச்ச 2 இலட்சம் உங்கள் தலையில். இதைத்தான் காப்புறுதிக்காரர்கள் அவரேஜ் என்கிறார்கள். பத்திரத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் இருக்கும். சில பத்திரங்களில் சின்ன வித்தியாசத்தைப் பாராட்டமாட்டோம் என்ற சலுகையும் இருக்கும், உங்களுடையதில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இப்போது அந்தச் சந்தைப் பெறுமதி 80 அல்ல, 70 இலட்சம்தான் என்று நிறுவப்பட்டால் அதே திருத்தத்துக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 86 ஆயிரம் கிடைக்கும். கராஜ்காரர் ஒரு பெயின்ட் கூலியைக் கூட்டியோ குறைத்தோ இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

முழு இழப்பு என்று வந்தால் கதை தலைகீழாகிவிடும். வாகனம் திருத்த முடியாத அளவுக்குப் போயிருந்தால், காப்புறுதித் தொகை, சந்தைப் பெறுமதி இரண்டில் எது குறைவோ அதுதான் வழமையாகக் கிடைக்கும். அப்போது அதே வாகனத்தின் பெறுமதி திடீரென்று குறைந்துவிடும்: ஓடிய கிலோமீற்றர் அதிகம், டயர் பழசு, ஜப்பான் ஏலத்தில் போட்ட தரப் புள்ளியான கிரேட் குறைவு. பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரு சம்பளமும் கடன் கேட்டு வந்தவர்களிடம் ஒரு சம்பளமும் சொல்லும் மாப்பிள்ளையைப் போல, ஒரே வாகனம் திருத்தத்தின்போது விலையேறியும் முழு இழப்பின்போது விலையிறங்கியும் நிற்கும். இதில் எல்லா நிறுவனங்களையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பணம் கொடுக்க வேண்டியவர் தன் பக்கம் சாய்வது இயல்பு. எதிர்ப்பக்கத்தில் காரணத்தோடு எழுதிய ஒரு தாள் இல்லையென்றால் அந்தச் சாய்வுக்குத் தடையே இருக்காது.

லீசிங்கில் எடுத்த வாகனமாக இருந்தால் இது இன்னும் சுடும். முழு இழப்பில் வரும் பணம் முதலில் லீசிங் நிறுவனத்துக்குத்தான் போகும். பெறுமதி குறைத்துப் போடப்பட்டால் வாகனமும் இல்லாமல், அதன் கடனும் தீராமல் நிற்க வேண்டி வரலாம்.

மற்ற நாடுகளைவிட இலங்கையில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபா சரிந்தது. வீதியில் ஓடிக்கொண்டிருந்த பழைய வாகனங்களின் விலை, வாங்கிய விலையைத் தாண்டி எங்கேயோ போனது. ஆனால் ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பித்தவர்கள் தவணைப் பணம் கூடிவிடும் என்று பழைய தொகையையே விட்டுவைத்தார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோது சந்தை எந்தப் பக்கம் போகும் என்று வியாபாரிகளே ஆளுக்கொன்று சொன்னார்கள். இப்படி ஆடும் சந்தையில் 'இன்றைய விலை' என்று ஒருவர் சொன்னால், எந்த நாளின் விலை, எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

என் விடயத்தில் நிறுவனம் சந்தைப் பெறுமதியைக் கூட்டிப் போட்டு அவரேஜ் வெட்டப் பார்த்தது. பதில் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது இணைய விளம்பரங்களில் இருந்த சேஃப்டி எடிஷன் என்ற விலை கூடிய ரக விட்ஸ்களை. என்னுடையது சாதாரண ரகம். அதோடு, விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. ரியசெவன விளம்பரத் தளத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலைக்கு யாரும் காசை எண்ணி வைப்பதில்லை, வீட்டு வாசலில் நின்று குறைத்துத்தான் வாங்குகிறார்கள். இந்த இரண்டையும் நானும் வாயால் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதையே நான் கட்டணம் கொடுத்துப் பிடித்த மதிப்பீட்டாளர், ஒரு பொறியியலாளர், கையொப்பமிட்டு எழுதியபோது கோப்பு மேலதிகாரியின் மேசைக்குப் போனது.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். தொலைபேசியிலேயே, "தம்பி, வாகனத்தைக் கழுவிப்போட்டுக் கொண்டுவராதீர்கள்" என்றார். தூசியில் இழுபட்ட தடமும் ஒட்டியிருக்கும் எதிர் வாகனத்தின் பெயின்ட் துகளும் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இடி விழுந்தது என்பதைக் காட்டுமாம். சின்னக் கருவி ஒன்றைக் கதவு கதவாக வைத்துப் பெயின்டின் தடிப்பை அளந்தார். இடது பின்கதவில் மட்டும் எண் மற்றவற்றைவிட உயர்ந்தது, அது ஜப்பானிலேயே திருத்தப்பட்டது. வாகனம் ஜப்பானில் ஏலம் போனபோது கொடுத்த அறிக்கையில் அந்தக் கதவுக்கு நேரே இருந்த குறியைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மேலதிகச் சில்லு கிடக்கும் குழியைச் சுற்றியுள்ள ஒட்டுப் பசை வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொண்டார், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பொனட்டின் ஆணிகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்றும் பார்த்தார். இவற்றில் சில என் வாகனத்தின் விலையைக் குறைப்பவை. திருத்தக் கோரிக்கைக்கு அது எனக்குச் சாதகம். முழு இழப்பாக இருந்திருந்தால் அதே குறிப்புகள் எனக்குப் பாதகமாக இருந்திருக்கும்.

சுயாதீன மதிப்பீட்டாளர் நம் பக்கத்து வழக்கறிஞர் அல்லர். நிறுவனம் சொன்ன விலைதான் சரி என்று அவர் எழுதினால் கட்டணமும் போய்விடும், வாதமும் போய்விடும். "எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் போனால் காசு மிஞ்சாது, அந்த அறிக்கையை நிறுவனம் ஒரு நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிடும். கொள்ளுப்பிட்டியில் இருக்கும் இலங்கை ஒட்டோமொபைல் சங்கம் போன்ற பழைய அமைப்புகளில் விசாரிக்கலாம். வாகனப் பொறியியல் தகைமை உள்ள தனிப்பட்ட மதிப்பீட்டாளர்களும் இருக்கிறார்கள். வங்கிக்கும் லீசிங்குக்கும் வழமையாக எழுதும் ஒரு பக்கத் தாள் இங்கே உதவாது. விபத்துத் திகதியில் பெறுமதி என்ன, எந்த வாகனங்களோடு ஒப்பிட்டார், ரகத்துக்கும் ஓடிய தூரத்துக்கும் எவ்வளவு கூட்டிக் கழித்தார் என்று விவரமாக எழுதித் தருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கட்டணம் கூடும். அவரேஜ் வெட்டு சில பத்தாயிரம்தான் என்றால் எனக்கே தயக்கம் வரும். இலட்சத்தைத் தொட்டால் யோசிக்கமாட்டேன்.

நேரமும் ஒரு விடயம். கராஜில் வேலை தொடங்கிய பிறகு அறிக்கை எடுத்தால் பாதிச் சான்று குப்பைக்குப் போயிருக்கும். பரிசோதிக்கப் போகும் நாளை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, விரும்பினால் அவர்களுடைய ஆளையும் அனுப்பச் சொல்வது நல்லது. வந்தால் இருவரும் ஒரே பகுதியைப் பார்த்துப் பேசுவார்கள். வராவிட்டால், எங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. என் விடயத்தில் வந்தார்கள், அதனாலேயே பாதி வாக்குவாதம் குறைந்தது. அறிக்கையை அவர்கள் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் சேஃப்டி எடிஷன் ஒப்பீட்டைக் கைவிட்டார்கள், பெறுமதி இறங்கியது, எனக்குக் கிடைத்த தொகை கட்டணத்தைப் பலமுறை தாண்டியது.

அதற்கும் அசையாத நிறுவனம் என்றால், முதலில் அவர்களிடமே எழுத்தில் முறைப்பாடு செய்து, பிறகு காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். பல பத்திரங்களில் தொகை பற்றிய தகராறு நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இந்தப் படிகளில் நான் ஏறியதில்லை. ஆனால் கராஜ் எஸ்டிமேட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனால் சந்தைப் பெறுமதி பற்றி மேசையில் வைக்க ஒன்றும் இருக்காது என்பது தெரிகிறது.

எதிர் வாகனத்தின் காப்புறுதியிலிருந்து, அதாவது மூன்றாம் தரப்பாக, இழப்பீடு கேட்பவர்களுக்கு என் அனுபவம் பெரிதாக உதவாது. விபத்துப்பட்ட வாகனம் என்று பெயர் எடுத்ததால் மறுவிற்பனையில் விழும் விலையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சொந்தப் பத்திரத்தில் அது வழமையாகக் கிடைப்பதில்லை, தேய்மானமும் விபத்தைத் தொடர்ந்து வரும் மறைமுக இழப்பும் விலக்கப்பட்டிருக்கும். அதற்காக மட்டும் மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள்.

இந்த ஆண்டு காப்புறுதியைப் புதுப்பித்தபோது, அதே மதிப்பீட்டாளரிடம் புதிய பெறுமதி அறிக்கை வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினேன். தவணைப் பணம் கூடியது. நிறுவனம் அந்தப் பெறுமதியை ஏற்றுக்கொண்டதாக எழுதிய கடிதம் பத்திரத்தோடு சேர்த்துக் கோப்பில் இருக்கிறது.